சிவப்புக்கு அடியில்

"எத்தனை நிறம் மாத்தியும் இந்தப் படம் வாயத் திறக்க மாட்டேங்குது டீச்சர்" என்றார் பரஞ்சோதி.

அவர் நிலத்தடி நீர் அலுவலகத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவர். ஜீனத் டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான். புள்ளிவிவரங்களைக் கணினியில் நிரல் எழுதிப் படமாக்கக் கற்றுக்கொடுக்கிறவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் பரஞ்சோதி பஸ் ஏறி வந்து, கல்லூரிப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்.

காரணம் இருந்தது. மட்டியேந்தலில் குடிக்கத் தண்ணீர் இல்லை. போட்ட ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் உப்பு. பாதி ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டது. கடைசியாக ஒரு முறை துளை போடும் வண்டி வரும், எங்கே துளையிடுவது என்று நீங்களே சொல்லுங்கள் என்று மேலிடம் அவரிடம் விட்டுவிட்டது. இதுவும் உப்பாகிவிட்டால் மிச்சப் பாதியும் கிளம்பிவிடும்.

டீச்சர் படத்தைப் பார்த்தார். திரை முழுக்க ஒரே சிவப்பு.

பரஞ்சோதி தான் செய்ததையெல்லாம் சொன்னார். பின்னணியை வெள்ளையாக்கினார். எழுத்தைப் பெரிதாக்கினார். புள்ளிகளுக்குக் கறுப்பில் ஓரம் கட்டினார். சிவப்பை இன்னும் அடர்த்தியாக்கினார். கட்டத்துக்குக் கோடு போட்டார், பிறகு எடுத்தார்.

"ஒரு புள்ளின்னா என்ன சார்?"

ஒரு கிணற்றில் ஒரு நாள் மொண்ட தண்ணீர் என்றார் பரஞ்சோதி. கிணறு எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளி. உப்பென்றால் சிவப்பு, நல்ல தண்ணீர் என்றால் நீலம். மழை முடிந்த கையோடு போனால் சில கிணறுகள் நன்றாகத்தான் இருக்கும். கோடையில் எல்லாமே கரித்துவிடும்.

"ஒரே கிணத்துல மழைக்கும் போயிருக்கீங்க, கோடைக்கும் போயிருக்கீங்க. ரெண்டு புள்ளியும் எங்க விழும்?"

"ஒரே இடத்துலதான்."

"எது மேல?"

"நீலத்து மேல சிவப்பு" என்றார் பரஞ்சோதி. கோடைக் கணக்கைத்தான் எப்போதும் கடைசியில் சேர்ப்பார்.

டீச்சர் நிரலில் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார். புள்ளி எவ்வளவு அழுத்தமாக விழ வேண்டும் என்பதைச் சொல்கிற எண். அது ஒன்று என்று இருந்தது. பரஞ்சோதி அதைப் பாதியாக்கினார். சிவப்பு அசையவில்லை. இன்னும் குறைக்கச் சொன்னார் டீச்சர். குறைத்தார். இன்னும் என்றார் டீச்சர்.

பரஞ்சோதியின் விரல் நின்றது.

"இதுக்கு மேல குறைச்சா ஒத்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது டீச்சர். ஒவ்வொண்ணும் நான் வெயில்ல நடந்து மொண்டு வந்த தண்ணி."

"தெரியாமப் போகட்டும் சார்."

அவருக்கு மனசு வரவில்லை. ஆனாலும் எண்ணை நூற்றில் ஒரு பங்காக்கி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினார்.

திறந்தபோது திரை வெறிச்சென்று இருந்தது. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தார்.

பிறகு, விடியலில் வானம் வெளுப்பதுபோல, ஒரு மெல்லிய செம்மை பரவிற்று. புள்ளிமேல் புள்ளியாக ஏறிக்கொண்டே வந்தது. அதன் நடுவே, இதுவரை சிவப்புக்கு அடியில் கிடந்த நீலம் கசிந்தது.

வடமேற்கு மூலையில் நூல்போலத் தொடங்கிற்று. வளைந்தது. தயங்கியதுபோல ஓரிடத்தில் அகன்றது. மட்டியேந்தலுக்குத் தெற்கே, இப்போது யாரும் ஏர் பிடிக்காத, பழைய கிணறுகள் மட்டும் கிடக்கிற கருவேலங்காட்டுக்கு அடியில், இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, கடலை நோக்கிப் போயிற்று.

பரஞ்சோதி எழுந்து நின்றுவிட்டார்.

அந்த வளைவுகளை அவருக்குத் தெரியும். ஆற்றைத் தவிர வேறெதுவும் அப்படி வளையாது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஆறே கிடையாது. அவர் அப்பா காலத்திலும் இருந்ததில்லை. எந்தக் காலத்திலோ மண் மூடிப் போன ஆறு, மூடிய இடத்திலேயே இன்னும் நடந்துகொண்டிருந்தது. அதன்மேல்தான் இத்தனை வருஷமும் அவர் வெயிலில் நடந்திருக்கிறார்.

கைகள் தாமாகக் குவிந்தன.

கருவேலங்காட்டில் வண்டி நின்ற அன்று ஜீனத் டீச்சரும் வந்திருந்தார். மிச்சமிருந்த ஊர் முழுக்கக் கூடியிருந்தது. முதலில் புழுதி வந்தது. பிறகு சேறு. பிறகு, வழவழவென்று உருண்ட ஆற்றுக் கூழாங்கற்கள். அதற்கப்புறம் தண்ணீர்.

பாண்டியம்மாள் என்கிற கிழவிதான் முதலில் வாயில் விட்டுப் பார்த்தாள். விழுங்கினாள். மறுபடி ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் குடத்தை எடுத்தார்கள்.

பரஞ்சோதி ஒரு தம்ளரைக் கழுவி, நிறைய மொண்டு, இரண்டு கையாலும் டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் குடிக்கவில்லை. தம்ளரைக் கொண்டுபோய் வெயிலில் ஒரு கல்லின்மேல் வைத்தார். தண்ணீர் பளபளத்தது.

"குடிங்க டீச்சர்."

"இருங்க சார். எத்தனை காலமா இருட்டுல ஓடுச்சோ. கொஞ்சம் வெளிச்சத்தப் பாக்கட்டும்."