மணிக்கூண்டைக் காணோம்

அரைக்காணிப்பேட்டைக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏராளமாக இருக்கிறது. எடுத்துச் செலவழிக்கத்தான் அவர்களுக்கு மனசு வராது.

அந்த ஊர்க் கடைவீதியின் நட்டநடுவில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. சாலையை அகலப்படுத்த அதை இடிக்கப் போகிறோம் என்று நகராட்சி ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டியது. ஊரே வருத்தப்பட்டது. ஆனால் பாத்திரக்கடை வீரபாகு அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், வீட்டுக்குப் போக அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: மணிக்கூண்டில் இருந்து இடது பக்கம். வீடு என்னவோ கடையின் பின்சுவரை ஒட்டித்தான் இருந்தது. இருந்தாலும் கடையைச் சாத்தியதும் மணிக்கூண்டு வரை நடப்பார், இடது பக்கம் திரும்புவார், ஊரைச் சுற்றி வீடு வந்து சேருவார். மணிக்கூண்டு போய்விட்டால் மனுஷன் தெருவில் அலைய வேண்டியதுதான்.

எனவே பாதுகாப்புச் சங்கம் ஒன்று பிறந்தது. அண்ணாச்சி தலைவர். தையல்கடை அமிர்தவல்லி செயலாளர், ஏனென்றால் அவள் போனில்தான் நல்ல கேமரா இருந்தது. டீக்கடை அபூபக்கரும் சைக்கிள்கடை செபஸ்தியானும் உறுப்பினர்கள்.

ஏதோ ஓர் ஊரில் பழைய கட்டடத்தின் படத்தை இணையத்தில் லட்சம் பேர் பார்த்ததால் அதிகாரிகள் இடிக்காமல் விட்டுவிட்டார்களாம். அமிர்தவல்லி சொன்னாள். அப்படியானால் தேவை ஒரு படம், அவ்வளவுதானே? சென்னையில் கட்டடங்களைப் படமெடுத்துப் பேர் வாங்கிய நளினா என்பவரைப் போனில் பிடித்தார்கள். அந்தம்மாள் நல்ல மனசோடு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

பார்க்கிறவர் கண்ணைக் கட்டடம் வரை இழுத்துப்போகிற மாதிரி கோடுகள் இருக்க வேண்டும் என்பது முதல் யோசனை. சங்கத்தார் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கி, பஸ் நிலையத்தில் இருந்து மணிக்கூண்டு வரைக்கும் தாராளமாகக் கோடு போட்டார்கள். புதுப் போக்குவரத்து ஏற்பாடு போலிருக்கிறது என்று டிரைவர்கள் எல்லோரும் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். தென்காசிக்குப் போக வேண்டிய பஸ் கூட அங்கே வந்து நின்றது. படத்தில் பஸ்கள் நன்றாகவே விழுந்திருந்தன.

கட்டடத்தின் உயரம் தெரிய ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது அடுத்தது. உயரத்துக்கு அபூபக்கரை விட்டால் ஆளில்லை. எட்டப் போய் நின்றால் பார்ப்பவர்களுக்கு மரியாதையாக இருக்காது என்று அவர் கேமராவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். படத்தில் மணிக்கூண்டு அவர் தோளுக்குத்தான் வந்தது.

"நேத்து வரைக்கும் இவ்வளவு குட்டையா இல்லையே," என்று அண்ணாச்சி கலங்கிப் போனார்.

"நோட்டீஸ் வந்த கவலையா இருக்கும் அண்ணாச்சி," என்றார் செபஸ்தியான். "எங்க மாமனாரும் பென்ஷன் நின்னப்போ இப்படித்தான் இளைச்சாரு."

மாலை வெயில் பொன்னாக விழும் வரை காத்திருங்கள் என்றும் நளினா சொல்லியிருந்தார். காத்திருந்தார்கள். வெயில் வந்தது, பொன்னாகவே விழுந்தது, பிறகு போய்விட்டது. படம் எங்கே என்று ஊரார் கேட்டபோது, காத்திருக்கத்தானே சொன்னார் என்று அமிர்தவல்லி திருப்பிக் கேட்டாள்.

கண்ணை வேறு பக்கம் திருப்புகிற எதுவும் படத்தில் இருக்கக் கூடாதாம். கடைவீதியில் போகிற வருகிறவர்களை நிறுத்தி, மணிக்கூண்டைப் பார்த்தால் உங்கள் கண் எங்கே போகிறது என்று விசாரித்தார்கள். எல்லோரும் கடிகாரத்துக்குத்தான் போகிறது என்றார்கள். அன்றே நாலு பக்கக் கடிகாரத்துக்கும் கம்பளி போர்த்திவிட்டார்கள்.

கடைசி யோசனை, இதுவரை யாரும் எடுக்காத உயரமான இடத்தில் இருந்து எடுக்க வேண்டும் என்பது. இதில் சங்கத்தார் ஒரு நிமிடம் கூடத் தயங்கவில்லை. அந்த ஊரிலேயே உயரமான இடம் மணிக்கூண்டுதான். நாலு பேரும் மூச்சு வாங்க மேலே ஏறினார்கள். அமிர்தவல்லி கையை நீட்டிப் படம் எடுத்தாள்.

என்ன அழகான படம்! பஸ் நிலையம், காய்கறிச் சந்தை, மொட்டைமாடிகளில் காய்கிற வடகம், தூரத்தில் குளம், எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. அண்ணாச்சி போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்தும் பார்த்தார்.

"மணிக்கூண்டு எங்கம்மா?"

"அதைத்தான் நானும் தேடுதேன் அண்ணாச்சி. ஊரு மொத்தமும் இருக்கு. அது மட்டும் இல்லை."

"நாம ஏறும்போது இருந்துச்சே," என்றார் செபஸ்தியான்.

"இருந்துச்சு. படியில முட்டியை இடிச்சுக்கிட்டேன், இன்னும் வலிக்குது," என்று அபூபக்கர் சாட்சி சொன்னார்.

அண்ணாச்சி வெகுநேரம் யோசித்தார். "அப்போ நாம ஏறி வர்ற நேரம் பாத்து இடிச்சுட்டானுவ."

"சத்தமே கேக்கலையே?"

"நமக்குத் தெரியக் கூடாதுன்னுட்டு மெதுவா இடிச்சிருப்பானுவ."

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று நாலு திசையிலும் எட்டிப் பார்த்தார்கள். எங்கும் மணிக்கூண்டு இல்லை. அதன் உச்சியிலேயே உட்கார்ந்து நாலு பேரும் வாய்விட்டு அழுதார்கள். சிரிக்காதீர்கள், எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

எங்கள் மணிக்கூண்டு இன்று இல்லை என்று எழுதி அமிர்தவல்லி படத்தை இணையத்தில் போட்டாள். பொழுது விடிவதற்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். அதன் நிழலில்தான் என் முதல் காதல் வளர்ந்தது என்று, இந்த ஊர்ப் பக்கமே வராத ஒருவர் டொராண்டோவில் இருந்து எழுதினார். இல்லாமையைப் படமாக்கிய துணிச்சல் என்று ஒருவர் நீளக் கட்டுரை போட்டார். கோணம் பிரமாதம் என்று நளினாவே பாராட்டினார்.

மறுநாள் நகராட்சிப் பொறியாளர் தெய்வசிகாமணி இடிக்கும் இயந்திரத்தோடு வந்தார். அமிர்தவல்லி அவரிடம் படத்தைக் காட்டினாள். அவர் படத்தைப் பார்த்தார், தலையைத் தூக்கி மணிக்கூண்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். படித்தவர் அல்லவா, அவசரப்படவில்லை. நான் ஒருத்தன் பார்க்கிறதும் மூணு லட்சம் பேர் பார்த்ததும் ஒண்ணாகுமா என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, கட்டடம் ஏற்கனவே அகற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இயந்திரம் மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போயிற்று.

அப்புறம் வெளியூர்களில் இருந்து கார் கார்களாக ஜனம் வந்தது. மணிக்கூண்டு இருந்த இடம் எது என்று அதன் அடியில் நின்றபடி கேட்டார்கள். அது இல்லாதது கீழே நின்றால் அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லி, அபூபக்கர் அவர்களை மேலே ஏற்றிக் காட்டினார். அவர்களும் அழுதார்கள், அதே படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியின் மனைவி சிவகாமி அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். மனுஷன் மணிக்கூண்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, வீட்டுக்கு வராம இங்க என்ன பண்ணுதீக?"

"எப்படி வருவேன் சிவகாமி? மணிக்கூண்டு இருந்தா அதுலேர்ந்து இடது பக்கம் திரும்புவேன். இப்ப எதுலேர்ந்து திரும்ப?"

சிவகாமி அவரைப் பார்த்தாள், அவர் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் தலைக்கு மேலே டாண் டாண் என்று மணி ஆறு அடித்தது.

அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, போன பிறகும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு."