கல்லில் உடைந்த நுரை

செத்தவர்களுக்குக் கடைசிச் சவரம் செய்வதில் மாசானத்தை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவரிடம் தொழில் பழக வந்த பேச்சிமுத்து ஒன்றும் சின்னப் பையனில்லை, ஐம்பது வயது. டவுனில் சலூன் வைத்து நொடித்துப்போனவர். மாசானம் அவருக்கு அக்கா புருஷன்.

ஒரு மத்தியானம் பேச்சிமுத்து வந்து நின்றார். மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அத்தான், ஒண்ணு கேக்கணும்."

"கேளு மாப்ளே."

"நீங்க ஊர்ல இல்லாத அன்னிக்குக் கொம்பையா செத்த வீட்டுக்கு நான்தானே போனேன். சோப்பு போட்டேன். மூக்குக்குக் கீழே நுரை பொட்டுப் பொட்டுனு உடைஞ்சுது."

மாசானம் நிமிர்ந்து பார்த்தார்.

"வெளியே கொட்டுச் சத்தம். உள்ளே அழுகை. சொன்னா சிரிப்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். சவரம் பண்ணி முடிச்சேன். சாயங்காலம் எரிச்சுட்டாங்க. அந்த மனுஷன் மூச்சு விட்டாரா அத்தான்?"

இப்படி ஒரு கேள்வியை வயிற்றில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் சோறு இறங்கும்?

மாசானம் சவரப் பெட்டியை எடுத்து வைத்தார். "அன்னிக்கு எப்படி நுரை எடுத்தியோ, அப்படியே எடு."

பேச்சிமுத்து பிரஷைத் தண்ணீரில் முக்கி, உதறாமல் கொள்ளாமல் சோப்பில் நாலு தேய்ப்புத் தேய்த்தார். டப்பாவை அமுக்கினால் நுரை வருகிற சலூன் பழக்கம். பொறுமை எங்கேயிருந்து வரும்? பொங்கிக்கொண்டு வந்தது, பெரிய பெரிய குமிழாக.

"அதுல பூசு."

கொல்லையில் பழைய குழவிக்கல் ஒன்று நின்றது. பூசினார். வெள்ளையாக, ஆள் தாடை மாதிரியே ஆகிவிட்டது கல். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

பொட். பொட். பொட்.

இலை அசையாத அந்த வெயிலில் கல் மூச்சு விடுவது போலவே இருந்தது. பேச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் மறுகணமே அப்பாடா என்றிருந்தது.

"கல்லுக்கே உடையுது. அப்போ அவரு செத்துத்தான் இருந்தாரு. இல்லையா அத்தான்?"

மாசானம் பிரஷைக் கழுவி நன்றாக உதறினார். சோப்பின் மேல் சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். பசை மாதிரி வந்ததும் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர். மறுபடி சுற்று. இன்னொரு சொட்டு. பேச்சிமுத்துவுக்குக் கால் மாற்றி மாற்றி நின்று அலுத்துவிட்டது. கடைசியில் கெட்டித் தயிர் போல, ஒரு குமிழ்கூட இல்லாமல் நுரை நின்றது.

கல்லைத் துடைத்துவிட்டு அதைப் பூசினார். எவ்வளவு நேரம் பார்த்தும் அசையவில்லை.

மீதியைப் பேச்சிமுத்துவின் மேலுதட்டில் தடவிக் கண்ணாடியைக் காட்டினார். மூச்சு பட்ட இடத்தில் மட்டும் நுரை லேசாக நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் அங்கே இரண்டு குழி விழுந்தது.

"செத்தவருக்கு எதுக்கு இம்புட்டு நேரம் நுரை எடுக்கேன்னு எல்லாரும் ஏசுவாங்க," என்றார் மாசானம். "ஏசட்டும்."

பேச்சிமுத்து மேலுதட்டு நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி அத்தான். கொம்பையா உயிரோட இருந்தாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மாசானம் பிரஷைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"உன் நுரை கல்லுக்கும் உடைஞ்சுது. அவரு உயிரோட இருந்திருந்தாலும் அதே மாதிரிதான் உடைஞ்சிருக்கும். இனி அது யாருக்கும் தெரியாது மாப்ளே."