முசுறுக் கூட்டின் வாசல் விதி

ஒரு காட்டில், ஆற்றங்கரை நாவல் மரத்தில், இலைகளை ஒட்டிக் கட்டிய முசுறு எறும்புக் கூடு ஒன்று தொங்கியது. வாசற்காவல் கடுகி என்ற எறும்புக்கு. பேருக்கேற்ற அவசரக்காரி, பாவம்!

கூட்டு மணம், ஆறு கால், இரண்டு உணர்கொம்பு. வருபவரிடம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உள்ளே விடலாம் என்பதுதான் வாசல் விதி.

ஒரு நாள் காலை ஒரு சிலந்தி வந்தது. எட்டுக் காலில் முன்கால் இரண்டைக் கொம்புபோல் தூக்கிக்கொண்டு, மீதி ஆறில் நடந்தது.

"கொம்பு இருக்கிறது, போ போ!" என்றாள் கடுகி.

உள்ளே போன கள்ளச் சிலந்தி முட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு, பின்பக்கமாக நூல்விட்டு இறங்கிவிட்டது.

ராணி கொதித்தாள். "என் பிள்ளை போய்விட்டதே! இன்னொன்று போனால் உனக்கும் இங்கே இடமில்லை!"

"இதோ திருத்திவிடுகிறேன், ராணியம்மா!" பதறிய கடுகி, 'ஏதாவது ஒன்று' என்றிருந்ததை 'மூன்றும் வேண்டும்' என்று மாற்றினாள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்!

மாலையில் அவள் தங்கை பொரி தள்ளாடி ஓடிவந்தாள். "அக்கா, வழிவிடு! சிலந்தி துரத்துகிறது!"

கடுகி எண்ணினாள். கால் ஐந்துதான் இருந்தது. ஒன்றைச் சிலந்தி பிய்த்துவிட்டது.

"மூன்றும் வேண்டுமே, பொரி..."

"ஐயோ, என் மணம்கூடவா உனக்குத் தெரியவில்லை?"

அதற்குள் சிலந்தி மறுபடி முன்கால் இரண்டைத் தூக்கிக்கொண்டு கிளையேறி வந்துவிட்டது. "காவலாளியே, எனக்கு ஆறு கால், இரண்டு கொம்பு. எண்ணிக்கொள். இந்த ஐந்துகால்காரிதான் வெளியாள்!"

கடுகி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பழைய விதிக்குத் திரும்பினால் கள்ளன் நுழைவான். புது விதியைப் பிடித்துக்கொண்டு நின்றால் தங்கை சாவாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவள் நிதானித்தாள்.

'கூட்டு மணம் கட்டாயம் வேண்டும். அதோடு காலோ கொம்போ ஒன்று சரியாக இருந்தால் போதும்.' மனத்துக்குள்ளேயே அதை இருவர்மேலும் வைத்துப் பார்த்தாள். அந்தக் கணக்கில் மணமில்லாத சிலந்தி வெளியே நின்றது. பொரி உள்ளே வந்தாள்.

சட்டென்று தங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, "திருடன்! வாருங்கள்!" என்று கத்தினாள். நூறு முசுறுகள் பாய்ந்து கடித்தன. சிலந்தி பிடிநழுவி ஆற்றில் விழுந்தது.

பொரி மூச்சு வாங்கினாள். "அக்கா, இனி விதியை மாற்றினால், வாசலில் வைக்குமுன் என்னை ஒரு தடவை நிறுத்திப் பார்த்துவிடு."

நீதி: பிழையைத் திருத்தினால் மட்டும் போதாது, திருத்தம் தீயவரைத் தடுக்கிறதா, நல்லவரை விடுகிறதா என்று இரண்டையும் சோதித்துப் பார்.