கரையைக் குடைந்த பெருச்சாளியின் சாட்சியம்

மருதங்காட்டுக் குளக்கரையில் விலங்குகளின் வழக்குமன்றம் கூடியிருந்தது. குளத்தில் சேறு மட்டுமே மிஞ்சியிருந்தது. வக்கிரன் என்னும் நரியின் கூர்ப்பல் படை கரையை உடைத்து நீரையெல்லாம் பள்ளத்தில் பாய்ச்சிவிட்டது. பள்ளத்து வளைகளில் இருந்த முயல் குட்டிகள் மாண்டன. "எங்களுக்குப் பணியாத காட்டுக்குத் தண்ணீர் எதற்கு?" என்பதே அப்படையின் கொள்கை.

அந்தப் படையிலிருந்து பிரிந்து வந்த குடைவன் என்னும் பெருச்சாளி, அன்று அரசுத் தரப்புச் சாட்சியாக நின்றது.

நீதிபதியான காட்டெருமை கேட்டது: "குடைவா, நிபந்தனை நினைவிருக்கிறதா? உன் பங்கையும் சேர்த்து அனைத்தையும் சொன்னால் மன்னிப்பு. ஒன்றை மறைத்தாலும் நீயும் காட்டைவிட்டு வெளியேற வேண்டும்."

"நன்றாக நினைவிருக்கிறது ஐயா."

நரிகள் எங்கே பதுங்கின, யார் கட்டளையிட்டது என்றெல்லாம் அது தடையின்றிச் சொன்னது.

"கரையைத் தோண்டியது யார்?"

பெருச்சாளியின் மீசை துடித்தது. பிறகு அது ஒரு மூலையைக் காட்டியது. "அதோ, முள்ளம்பன்றி முள்ளி. நான் தூரத்தில் காவல் நின்றேன். அவ்வளவுதான்."

முள்ளி எந்தப் படையிலும் சேராதவள். கரையோரம் கிழங்கு தோண்டிப் பிழைப்பவள். ஆனால் அவள் நகங்களில் கரை மண் ஒட்டியிருந்ததே!

"என்ன சொல்கிறாய், முள்ளி? குற்றம் உறுதியானால் குட்டிகளோடு நீ காட்டைவிட்டுப் போக நேரும்" என்றது காட்டெருமை.

'இல்லை' என்றால் யார் நம்புவார்கள்? முள்ளி ஒரு கணம் யோசித்தாள். பிறகு பெருமிதத்தோடு தலையை நிமிர்த்தினாள்.

"ஆமாம், நானேதான். இவ்வளவு பெரிய வேலை வேறு யாருக்கு வரும்? குளத்துப் பக்கம் நின்றுகொண்டு, நேராக, அகலமாக ஒரே குழி."

பெருச்சாளி இருமியது. "குளத்துப் பக்கமா? தண்ணீருக்குள் நின்றா?"

"வேறெங்கே நிற்பது?"

"வளையை எங்கும் திருப்பவில்லையா?"

"வேலை தெரியாதவர்கள் திருப்புவார்கள், தம்பி."

பெருச்சாளியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "உளறாதே! அப்படித் தோண்டியிருந்தால் தண்ணீர் உன் மூக்கில் ஏறியிருக்கும். வெளிப்பக்கம் தொடங்க வேண்டும். உள்ளே கிளை கிளையாகப் பிரிக்க வேண்டும். கடைசியில் சிறிது மண்ணை விட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறகு நரிகள் மேலே ஏறிக் குதித்தால் கரை தானே உட்காரும். நான் யோசித்து யோசித்துச் செய்த வேலைக்கு இந்த முள்மூட்டை பேர் வாங்குவதா?"

முள்ளி முட்களை அடக்கிக்கொண்டு, "தோண்டியவனே சொல்லிவிட்டான் ஐயா. நான் சொல்ல வேண்டியது வேறொன்றும் இல்லை" என்றாள்.

பிடிபட்ட நரிகளோடு உட்கார்ந்திருந்த வக்கிரன் துள்ளி எழுந்தது. "பொய்ச் சாட்சி! இதை நம்பியா எங்களைத் தண்டிப்பீர்கள்?"

"இப்போது பேசியது உண்மை. நீங்கள் மேலே ஏறிக் குதித்த கதையும் அதில் இருக்கிறது, வக்கிரா" என்றது காட்டெருமை.

"ஐயா, என் மன்னிப்பு?" என்று பெருச்சாளி முனகியது.

"நீ மறைத்தபோதே அது போய்விட்டது."

பெருச்சாளி பள்ளத்தைப் பார்த்தது. அங்கே குட்டிகளை இழந்த தாய் முயல் ஒன்று வளையருகே அமர்ந்திருந்தது.

"மீதியையும் சொல்லட்டுமா?"

"சொன்னாலும் உனக்கு எதுவும் கிடைக்காது."

"தெரியும் ஐயா. கரையைக் குடைந்தவன் நான். கீழே குட்டிகள் தூங்குவது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் குடைந்தேன்."

முள்ளி விடுவிக்கப்பட்டாள். நரிகள் வடக்கு எல்லை வழியே துரத்தப்பட்டன. அவை பழிதீர்க்காதபடி பெருச்சாளி தெற்கு வழியே அனுப்பப்பட்டது. எல்லைவரை அதற்குத் துணையாக யார் போவது என்று கேட்டபோது ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் தாய் முயல் எழுந்து அதன் முன்னே நடந்தது.

பிறர் குற்றத்தை மட்டும் சொல்பவன் தப்பிக்கப் பார்க்கிறான். தன் குற்றத்தையும் சேர்த்துச் சொல்பவனே திருந்தத் தொடங்குகிறான்.