பாறையில் அழிந்த சிறுத்தைக் கீறல்

குளக்கரைப் பாறையில் ஒரு மந்தி கரித்துண்டால் படம் வரைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு விலங்கின் உருவம், பக்கத்திலேயே அதன் அடையாளம். யாரும் பார்க்கலாம், பார்த்து வரையலாம். தண்ணீர் குடிக்க வரும் குட்டிகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

சிறுத்தையின் அடையாளம் நான்கு நகக் கீறல். தன் குகை முன்னால் நின்ற மருத மரத்தில் அதைப் பதித்திருந்தது. உள்ளே அதன் இரண்டு குட்டிகள். கீறலைக் கண்டவர்கள் கிட்டவே போக மாட்டார்கள்.

ஒருநாள் நரி வந்து பற்றவைத்தது.

"அக்கா! உங்க கீறலைப் பாறையில வரைஞ்சு வச்சிருக்கு அந்த மந்தி! நாளைக்கு எவனாவது அதையே மரத்துல போட்டு, 'இது என் குகை'ன்னு உட்காருவான்!"

சிறுத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளக்கரைக்கு ஓடியது.

"யாரைக் கேட்டு வரைஞ்சே?"

"குட்டிங்க தெரிஞ்சுக்கத்தான் அக்கா! மரத்துல போட்டாத்தானே திருட்டு? இது வெறும் படம்!"

"படமோ கிடமோ! கீறலை அழி!"

மந்தி அழித்தது. சிறுத்தையிடம் வாதாடிவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடியுமா என்ன!

அப்போதும் சிறுத்தைக்கு நிம்மதி இல்லை. வேறெங்காவது வரைந்திருந்தால்? குட்டிகளைத் தனியே விட்டுவிட்டுப் பாறை பாறையாக அலைந்தது. காட்டுக்கோழி கிளறிய மண்ணைக்கூட முறைத்துப் பார்த்தது. வேட்டையில் பங்கு கிடைக்கும் என்று நரியும் கூடவே திரிந்தது. "அதோ அங்க ஒண்ணு, அக்கா!" என்று கிளப்பிவிட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த கோடையில், வெயில் தாங்காத இளம் பன்றிகள் நிழல் தேடி வந்தன. மருத மரத்தைத் தாண்டி நேராகக் குகைக்குள் புகுந்தன.

குட்டிகளின் அலறல் கேட்டுச் சிறுத்தை பாய்ந்து வந்தது. பன்றிகள் சிதறி ஓடின. ஒரு குட்டி மூலையில் நடுங்கியது. இன்னொன்று மிதிபட்டு, முன்கால் ஒடிந்து கிடந்தது. ஓட வழியில்லாமல் ஒரு பன்றி மட்டும் மாட்டிக்கொண்டது.

"மரத்துல என் கீறலைப் பார்க்கலையா?" என்று சிறுத்தை உறுமியது.

"பார்த்தோம்! கரடி முதுகு சொறிஞ்ச இடம்னு நினைச்சோம்!"

"குளக்கரைப் பாறைக்கே போனதில்லையா நீங்க?"

"தினமும் போறோமே! உங்க உருவத்துக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்லையே!"

சிறுத்தை திரும்பிப் பார்த்தால் நரியைக் காணோம். அந்தப் பன்றியைத் தொடக்கூட அதற்கு மனம் வரவில்லை.

நொண்டிக் குட்டியைக் கவ்விக்கொண்டு குளக்கரைக்கு ஓடியது.

"வரை, மந்தி! பெரிசா வரை!"

மந்தி குட்டியின் காலைப் பார்த்தது. கரித்துண்டை எடுத்தது.

நம் அடையாளத்தைப் பிறர் திருடாமல் காக்க வேண்டியதுதான். ஆனால் பிறர் அறியவே விடாமல் மறைத்தால், அது நம்மைக் காக்காது.