வாசலுக்கு வாங்கிய பூட்டு

"அம்மா, இனிமே வாசலைப் பூட்டிடலாம். கிணறு வத்திக்கிட்டே போகுது."

சொன்னவர் வைத்தியலிங்கம். அறுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் கனடாவில் இருந்துவிட்டு, ஞானம் தேடி இந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்தவர். கூடவே கனடா நண்பர்கள் இரண்டு பேர். கையில் புதுப் பூட்டோடு நின்றார்.

ஆசிரமத்துக்குக் குரு செங்கமலத்தம்மாள். நாற்பது வயதுகூட இருக்காது. அவரைப் போல் ஒருவரை நான் பார்த்ததில்லை.

"யாரை வெளிய நிறுத்தணும்ங்கறீங்க?"

"பாதயாத்திரைக்காரங்களைத்தான். தினம் நூறு பேர். வீட்டுக்கு நாலு பிள்ளைங்க. நான் இருந்த தேசத்துல இவ்வளவு ஜனம் கிடையாது. ஏரி ஏரியா தண்ணி நிக்குது. இங்க பெத்துப் பெத்தே நாடு காஞ்சுபோச்சு."

"சரி, பூட்டிடலாம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எல்லாருக்கும் நீங்களே தண்ணி இறைச்சு ஊத்திடுங்க."

அம்மா கிணற்று மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவ்வளவுதான்.

வந்தவர்கள் குடிக்க, கால் கழுவ, கஞ்சி காய்ச்ச, எல்லாம் சேர்த்து இருபது குடம். ஒருத்தி பிள்ளைக்கு முகம் கழுவிய தண்ணீரைக்கூடச் சட்டியில் பிடித்து முருங்கைக்கு ஊற்றினாள். பத்து மணிக்கு வேலை முடிந்துவிட்டது. வைத்தியலிங்கத்துக்கே நம்ப முடியவில்லை.

அடுத்து, அவரும் நண்பர்களும் தங்கியிருந்த விடுதியின் தொட்டி. மூன்று பேருக்கு ஷவர், கழிப்பறை, துணி துவைக்கும் மெஷின். வெளியே அவர் ஆசையாகப் போட்ட புல்தரை.

இருபது குடம் ஊற்றினார். முப்பது ஊற்றினார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

ஜன்னலில் ஒரு நண்பர் தலையில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். "லிங்கம், தண்ணீர் நின்றுவிட்டதே!"

நாற்பதாவது குடத்தில் சேறு வந்தது. தொட்டி பாதிகூட நிறையவில்லை.

வைத்தியலிங்கம் கிணற்றடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா வந்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அவர் கையைப் பிடித்து, கொப்புளங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். அந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்!

"பூட்டு எங்க ஐயா?"

"மடியில இருக்கும்மா."

"வாங்க, பூட்டிடலாம்."

வைத்தியலிங்கம் எழுந்தார். வாசல் பக்கம் திரும்பவே இல்லை. நேரே விடுதிக்குப் போய்த் தன் குளியலறைக் கதவைச் சாத்தினார். பூட்டைப் போட்டு, சாவியைக் கொண்டுவந்து நீட்டினார்.

அம்மா அதை வாங்கிக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஃபியூஸை அவர் கையில் வைத்தார்.