கோமளத்தம்மாள் மலையேறிய விதம்

அமிர்தவல்லி அம்மை அந்த மலை மடத்துக்குக் குருவானபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் தீட்சை கேட்டு வந்த கோமளத்தம்மாளுக்கோ எழுபது கடந்திருந்தது. கூன் விழுந்த உடம்பு. நிற்கும்போதும் முகம் தரையைத்தான் பார்த்திருக்கும்.

தீட்சைக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடிவாரத்து ஓடையில் குடத்தை நிறைத்து, வழியில் எங்கும் இறக்கிவைக்காமல் மேலே கொண்டுவந்து, குருவின் காலில் ஊற்ற வேண்டும். எல்லாரும் தலையில்தான் சுமந்தார்கள்.

கூன் விழுந்தவர் தலையில் குடம் எப்படி நிற்கும்? மூத்த சீடர் சிற்றம்பலம் அதற்கு வழி கண்டுபிடித்தார். ஒரு மூங்கில் பட்டையை எடுத்துக் கோமளத்தம்மாளின் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

"நெஞ்சை நிமிர்த்துங்க. பார்வை நேரா இருக்கட்டும். காலை ஒட்டி வைங்க."

முதல் திருப்பத்திலேயே கோமளத்தம்மாள் பின்பக்கமாகச் சாய்ந்தார். குடம் உடைந்தது. சிராய்த்த முழங்கையோடு மடத்து முற்றத்துக்கு வந்து சேர்ந்தார்.

"மனசு நிமிராம முதுகு நிமிராது. அடுத்த பிறவியில பார்க்கலாம்மா" என்றார் சிற்றம்பலம்.

கோமளத்தம்மாள் பட்டையை அவிழ்த்து அவர் முன்னால் போட்டார். குருவிடம் திரும்பினார்.

"தாயே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கள்."

"வயசுப் பொண்ணா நிமிர்ந்து நடந்தேன். திமிரு பிடிச்சவ, குனிஞ்சு நடடின்னாங்க. இப்ப தானா குனிஞ்சுட்டேன். நிமிருன்னு கட்டையை வெச்சுக் கட்டுறாங்க. எந்த வயசுலயும் என் நடை யாருக்கும் சரியா இல்லை. அப்ப எதுதான் சரியான நடை?"

குரு முற்றத்தின் பக்கம் திரும்பினார். சமையற்காரியின் பெண்குழந்தை அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது. வயிற்றை முன்னால் தள்ளி, காலை அகட்டி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனது.

"சிற்றம்பலம், அதைப் போல் நடந்து காட்டுங்கள்."

அவர் தயங்கினார். பிறகு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காலை அகட்டி, கையைத் தூக்கி நடந்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"இனி அதை உங்களைப் போல் நடக்கச் சொல்லுங்கள்."

"அது எப்படித் தாயே? விழுந்துடும்."

"ஏன்?"

"தலை பெரிசு, கால் சின்னது. அகட்டி வெச்சாத்தான் நிக்கும்."

"அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் சொல்லித் தரலை."

"பிறகு கோமளத்தம்மாளுக்கு மட்டும் ஏன் சொல்லிக்கொடுத்தீர்கள்?"

சிற்றம்பலம் பட்டையைப் பார்த்தார்.

குரு எழுந்து வந்து கோமளத்தம்மாளின் வளைந்த முதுகில் உள்ளங்கையை வைத்தார். "இங்கே நல்ல இடம் இருக்கிறதே" என்றார்.

கோமளத்தம்மாள் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சும்மாடுகூட வேண்டாம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டு இன்னொரு குடம் கேட்டார்.

ஓடைக்கரையில் குடத்தை முதுகில் ஏற்றி, பழஞ்சேலையால் தோளோடும் இடுப்போடும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். கையில் ஊன்றுகோல். காலை அகட்டி, சின்னச் சின்ன எட்டாக வைத்தார். குடம் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டே சிற்றம்பலம் பின்னால் வந்தார்.

"மூச்சு வாங்குதே. இறக்கிடுங்களேன்."

"மூச்சு வாங்கினா நிப்பேன். இறக்க மாட்டேன்."

செங்குத்தான ஏற்றம் வந்தது. தலையில் குடம் சுமந்தவர்கள் தடுமாறுகிற இடம் அதுதான். உடம்பு முன்னால் சாயப் பார்க்கும், தலையைச் சாய்த்தால் குடம் போய்விடும். கோமளத்தம்மாளுக்கு அந்தப் பாடே இல்லை. அவர் முதலிலேயே சாய்ந்திருந்தார். விழுந்தால் முன்னால்தான் விழ வேண்டும், முன்னால் கோல் இருந்தது. சமதரையில் நடந்ததைவிட அங்கே வேகமாக நடந்தார். பின்னால் வந்த சிற்றம்பலம்தான் பாறையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

முற்றத்தில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கோமளத்தம்மாள் சேலை முடிச்சை அவிழ்த்து, குடத்தைக் கையில் வாங்கி, குருவின் காலில் ஊற்றினார். தண்ணீர் வழிந்து வாசல்வரை ஓடியது.

சிற்றம்பலத்தின் குரல் இறங்கியிருந்தது. "தலையில வரலைன்னா என்ன. மலை முழுக்க வணங்கிக்கிட்டே வந்தீங்கன்னு வெச்சுக்கறேன்."

"வணங்கலை தம்பி, நடந்தேன்."

சிற்றம்பலம் குருவின் ஆசனத்துக்கு முன்னால் பலகை போட்டார். கோமளத்தம்மாள் உட்கார்ந்தார். முகம் மடியைப் பார்த்திருந்தது. மந்திரத்தைச் சீடரின் காதில்தான் சொல்ல வேண்டும்.

"தாயே, இவங்க நிமிர்ந்து உட்கார்ந்தாத்தானே காது எட்டும்?"

குரு ஆசனத்தை விட்டு இறங்கி, ஈரத்தரையில் கோமளத்தம்மாளின் அருகே உட்கார்ந்தார்.

"குனிய எனக்கும் வரும், சிற்றம்பலம்."